ஊருக்குப் போ

1

விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் கொட்டகை வாசல்களில் அகல் விளக்கு, கொலு பொம்மை, ஃபியூஸ் கேரியர் என்று வெள்ளை வெள்ளையாக அடுக்கி வைத்திருப்பார்கள். தொழிலுக்கு மூலம் பக்கத்து நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண்தான் இங்கே விளக்காகவும் பொம்மையாகவும் மாறுகிறது. மண்ணை ஊறவைத்து, கரைத்து, அச்சில் ஊற்றி, காயவைத்து, சூளையில் ஏற்றுவார்கள்.

சூளைக்குப் போகும் முன் ஒரு பொம்மை உடைந்துபோனால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி களிமண்ணாகிவிடும். சூளைக்குப் போய் வந்த பிறகு உடைந்தால் அது வெறும் ஓடு. வருஷக்கணக்காக ஊறவைத்தாலும் கரையாது. ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் மண்ணோடு வேதியியலாகப் பிணைந்திருந்த நீர் வெளியேறிவிடுகிறது. அதற்கப்புறம் அது வேறு பொருள். இங்கே அரசு செராமிக் தொழில்நுட்ப நிறுவனத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு இது முதல் வருஷப் பாடம்.

அகதிகளைத் திருப்பி அனுப்புவது பற்றி அரசுகள் எழுதும் கோப்புகளில் மனிதர்கள் எப்போதும் பச்சை மண்ணாகவே இருக்கிறார்கள். எந்த இடத்திலிருந்து எடுத்தோமோ அந்த இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்டிவிடலாம் என்கிற நம்பிக்கை. பெரியவர்கள் விஷயத்திலாவது அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். அவர்களுக்கு அங்கே ஒரு வீட்டின் நினைவாவது இருக்கும். முகாமில் பிறந்த, அல்லது ஐந்து வயதில் படகேறி வந்த பிள்ளைக்கு? "ஊருக்குப் போ" என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு எந்த ஊர்?

இது விருத்தாசலத்துக்குத் தூரத்துக் கேள்வி இல்லை. இங்கிருந்து கடலூர் போகும் சாலையில் நெய்வேலியையும் வடலூரையும் தாண்டினால் குறிஞ்சிப்பாடி. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. இதே மாவட்டத்தில் அம்பலவாணன்பேட்டையிலும் இருக்கிறது. இன்னொரு தொடர்பு, இலக்கிய வாசகர்களுக்கு. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1906இல் பிறந்து விருத்தாசலம் என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு பிள்ளைதான் பின்னாளில் புதுமைப்பித்தன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்ப் பெண்ணின் கதையை 'துன்பக்கேணி'யில் அவர் எழுதினார். மருதியின் பேரப்பிள்ளைகளிடமிருந்துதான் இந்த வரலாற்றைத் தொடங்க வேண்டும்.

2

1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு வந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அவர்களில் மிகப் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். அவர்களை என்ன செய்வது என்பது பதினாறு ஆண்டுகள் இரு நாடுகளுக்கும் இடையே இழுபட்டது. 1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் அந்த மீதியை ஆளுக்கு 75 ஆயிரம் என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எருமை மாட்டைப் பங்கு போடும்போதுகூட மாட்டின் சொந்தக்காரனை ஒரு வார்த்தை கேட்பார்கள். இங்கே அதுவும் கிடையாது. தொழிலாளர்களின் தலைவராக இருந்த சௌமியமூர்த்தி தொண்டமான் இந்த ஒப்பந்தத்தை எதிர்த்தார். எண்கள் மாறவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஓடியது. அங்கிருந்து மண்டபம் முகாம். அங்கிருந்து தமிழ்நாடு முழுக்க. 1984இல் கப்பல் நின்றுபோகும் வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படி வந்து சேர்ந்தார்கள். அரசு மொழியில் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'.

திரும்பியோர் என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். ஹட்டனிலோ பதுளையிலோ பிறந்த பதினைந்து வயதுப் பிள்ளை ராமேஸ்வரத்தில் கால் வைக்கும்போது அவன் திரும்பவில்லை. முதல் முறையாக வருகிறான். அவன் பாட்டனார் திருச்சிப் பக்கமோ புதுக்கோட்டைப் பக்கமோ விட்டுப்போன ஊரில் அவனை யாருக்கும் தெரியாது. நீலகிரியில் அவர்களுக்காகவே தேயிலைத் தோட்டங்கள் தொடங்கினார்கள். அதுதான் பின்னால் டான்டீ ஆனது. 1969இல் ரெப்கோ வங்கி ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரில் இருக்கும் முதல் எழுத்துகளே 'தாயகம் திரும்பியோர்' என்பதன் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தவைதான். இதெல்லாம் உண்மையான உதவிகள், குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அங்கே 'தோட்டக்காட்டான்' என்று அழைக்கப்பட்டவன் இங்கே 'சிலோன்காரன்' ஆனான். இரண்டு நாட்டிலும் பக்கத்து நாட்டுக்காரன்.

நம் கதையில் திருப்பி அனுப்பப்பட்ட முதல் தலைமுறைப் பிள்ளைகள் இவர்கள். அவர்கள் தஞ்சம் கேட்டு வந்தவர்கள் அல்லர் என்பது சரிதான். ஆனால் பின்னால் வந்த ஒவ்வொரு திருப்பி அனுப்புதலும் இங்கே உருவான அச்சிலேயே வார்க்கப்பட்டது. இரண்டு அரசுகள் உட்கார்ந்து ஒரு எண்ணை ஒப்புக்கொள்ளும். அந்த எண்ணுக்குள் இருக்கும் பிள்ளையை யாரும் கேட்க மாட்டார்கள்.

3

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எதிர்த்திசையில் படகுகள் கிளம்பின. 1987 ஜூலைக்குள் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேல். அந்த ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் ஒப்பந்தம் போட்டார்கள். சண்டை முடிந்தது, கிளம்புங்கள் என்றானது. 1987 டிசம்பரிலிருந்து 1989 ஆகஸ்ட் வரை 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலில் திரும்பினார்கள். 1990 மார்ச்சில் இந்திய அமைதிப்படை வெளியேறியது. ஜூனில் போர் மறுபடி வெடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மறுபடி படகேறினார்கள்.

1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் காற்று மாறிவிட்டது. இதை நாம் ஒளிக்காமல் சொல்லிக்கொள்ள வேண்டும். நேற்றுவரை 'நம்ம பிள்ளைங்க' என்று சொன்ன வாய்கள் 'இவங்களை ஏன் இன்னும் வச்சிருக்கோம்' என்று கேட்டன. முகாம்களில் வேலை செய்துவந்த தொண்டு நிறுவனங்கள் வெளியேற்றப்பட்டன. கல்லூரிகளில் அகதி மாணவர்களுக்கு இருந்த சலுகைகள் நிறுத்தப்பட்டன. 1996க்குப் பிறகுதான் அவை ஓரளவு திரும்பின. இடைப்பட்ட ஆண்டுகளில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அந்த வயது திரும்பவில்லை.

1992 ஜனவரி 20இல் திருப்பி அனுப்புதல் தொடங்கியது. விருப்பப்பட்டுப் போகிறவர்களை மட்டும் அனுப்புகிறோம் என்றது அரசு. ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவங்களில் அதைப் படிக்கத் தெரியாதவர்களிடம் கையெழுத்து வாங்கப்பட்டதாகவும், போகாவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்ற அச்சம் ஊட்டப்பட்டதாகவும் மனித உரிமை அமைப்புகள் குற்றம்சாட்டின. எதிர்ப்பு வலுத்த பிறகு, அந்த ஆண்டின் நடுவில், ஐ.நா. அகதிகள் ஆணையம் மெட்ராஸில் அலுவலகம் திறந்து, போகிறவர்களின் விருப்பத்தைச் சரிபார்க்க அனுமதிக்கப்பட்டது.

பழ. நெடுமாறனும் மருத்துவர் ச. இராமதாசும் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் கடைசியில் சொன்னதன் சாரம்: உலக அமைப்பான ஐ.நா. ஆணையமே விருப்பத்தைச் சரிபார்க்கும்போது, அந்த விருப்பம் உண்மையானதா என்று நாங்கள் ஆராய வேண்டியதில்லை. இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் கிடையாது. ஆகவே, உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற உலகளாவிய நெறியை இங்கே நீதிபதிகள் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். எடுப்பதும் விடுவதும் அந்தந்த அமர்வைப் பொறுத்தது.

1995 மார்ச்சில் இந்தக் கட்டம் முடிந்தபோது திரும்பியவர்கள் 54 ஆயிரத்துக்கும் மேல். போனவர்களில் பலருக்குச் சொந்த வீடு போய்ச் சேர முடியவில்லை. ஊர் ராணுவத்திடமோ புலிகளிடமோ இருந்தது, இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது. மன்னாரிலும் வவுனியாவிலும் திருகோணமலையிலும் இடைத்தங்கல் முகாம்களில் இருந்தார்கள். தமிழ்நாட்டு முகாமிலிருந்து இலங்கை முகாமுக்கு. ஓலைக் கொட்டகை மாறவில்லை, பங்கீட்டு அட்டையின் நிறம் மாறியது. 1996இல் படகுகள் மறுபடி தனுஷ்கோடி பக்கம் வரத் தொடங்கின.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1984இல் மன்னாரில் பிறந்த ஒரு பெண்பிள்ளை. 1985இல் அம்மா இடுப்பில் வந்தாள். 1988இல் கப்பலில் போனாள். 1990இல் படகில் வந்தாள். 1993இல் அனுப்பப்பட்டாள். 1996இல் மறுபடி வந்தாள். பன்னிரண்டு வயதுக்குள் ஐந்து முறை கடல். இவள் நான் கற்பித்த பிள்ளைதான். ஆனால் மேலே சொன்ன தேதிகள் ஒவ்வொன்றும் அவளுக்கு இடம் கொடுக்கின்றன. அவள் மூன்றாம் வகுப்பை எங்கே படித்திருப்பாள்? யோசிக்கும்போதே தலை சுற்றுகிறது.

4

போர் 2009இல் முடிந்தது. அதற்குப் பிறகு சில ஆயிரம் பேர் ஐ.நா. ஆணையத்தின் விமானச் சீட்டில் நிஜமாகவே விரும்பித் திரும்பியிருக்கிறார்கள். சொந்த மண்ணில் சாக வேண்டும் என்று போன கிழவர்களும், நிலத்தை மீட்க வேண்டும் என்று போன குடும்பங்களும் உண்டு. செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் பிள்ளைகளைப் படிக்க வைத்ததே, என்றாவது போய் ஊரைக் கட்டியெழுப்புவார்கள் என்ற எண்ணத்தில்தான். திரும்புவது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. விரும்பிப் போகிற பிள்ளைக்கே இவ்வளவு தடை என்றால், பிடித்து அனுப்பப்படும் பிள்ளைக்கு என்ன இருக்கும் என்று பார்க்கத்தான் இதைச் சொல்கிறேன்.

முதல் தடை காகிதம். முகாமில் பிறந்த பிள்ளையிடம் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும். அது அவனை இந்தியனாக்காது. 1987 ஜூலை 1க்குப் பிறகு இந்தியாவில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் ஆவணமின்றி வந்தவர்களைச் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்று அண்டை நாடுகளுக்குக் கதவு திறந்தது, அதில் இலங்கை இல்லை. இலங்கைக் குடியுரிமை வேண்டுமானால் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். அதற்குப் பெற்றோரின் இலங்கைப் பத்திரங்கள் வேண்டும். அவை வீட்டோடு எரிந்திருக்கும், அல்லது படகில் நனைந்திருக்கும்.

மலையக வம்சாவளியினருக்கு இன்னும் ஒரு முடிச்சு. 1977க்கும் 1983க்கும் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடி, அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் எந்த நாட்டுக் குடிமக்களாகவும் இருந்ததில்லை. 2003இல் இலங்கை அவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் போட்டது. இந்திய முகாம்களில் இருப்பவர்களும் அதில் சேர 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது தடை படிப்பு. பிளஸ் டூ சான்றிதழோடு போகிறவன் அங்கே ஓ.எல்., ஏ.எல். என்ற படிக்கட்டுகளைப் பார்க்கிறான். தன் மதிப்பெண் அதில் எந்தப் படி என்று கேட்டுக் கேட்டு அலைய வேண்டும். அரசு வேலைக்கும் அலுவலக வேலைக்கும் சிங்களம் வேண்டும். குறிஞ்சிப்பாடியிலோ கும்மிடிப்பூண்டியிலோ அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

மூன்றாவது தடை வாய். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். வீட்டில் அம்மா 'கதிரையில இரு' என்பார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் 'சேர்ல உட்காரு' என்பார். பிள்ளை இரண்டையும் கற்றுக்கொள்ளும், தெருவில் பேசுவது தெருவின் பேச்சாகிவிடும். கிளிநொச்சியில் போய் 'எங்க போறீங்க?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். 'எங்க போறியள்' என்று பேசுகிற ஊர் உடனே நிமிர்ந்து பார்க்கும். 'இந்தியாவோ?' இங்கே இருந்தவரை 'சிலோனா?' என்று கேட்டார்கள். தமிழ் பேசியே அந்நியமாவது ஒரு தனித் துக்கம்.

நான்காவது நிலம். இலங்கைச் சட்டப்படி ஒருவர் நிலத்தை இன்னொருவர் பத்து வருஷம் தடையின்றி ஆண்டு அனுபவித்தால் உரிமை கோரலாம். போரால் ஓடியவர்களுக்கு இது அநியாயம் என்று 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே முதல் 2009 மே வரையான காலம் கணக்கில் சேராது. ஆனால் வழக்குப் போட அவகாசம் இரண்டே வருஷம். தமிழ்நாட்டு முகாமில் 'கியூ' பிரிவிடம் சொல்லாமல் பக்கத்து மாவட்டத்துக்குக்கூடப் போக முடியாதவன், அந்த இரண்டு வருஷத்துக்குள் மன்னார் நீதிமன்றத்துக்குப் போய் நின்றிருக்க வேண்டும்.

5

2014 ஜூன் மாதம் புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து ஒரு படகு கிளம்பியது. விருத்தாசலத்திலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துத் தூரம் அந்தக் கரை. படகில் 157 பேர். அதில் 50 பேர் குழந்தைகள். பலர் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவர்கள். ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது அந்நாட்டுச் சுங்கக் கப்பல் அவர்களைப் பிடித்து, ஏறக்குறைய ஒரு மாதம் நடுக்கடலிலேயே வைத்திருந்தது. எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. இந்தியாவிலிருந்து வந்தவர்கள், ஆனால் இந்தியர்கள் இல்லை. இலங்கையர்கள், ஆனால் குழந்தைகளில் சிலர் இலங்கையைப் பார்த்ததே இல்லை. இந்தியாவுக்கே திருப்பி அனுப்ப முயன்று முடியாமல், கடைசியில் நவுரு தீவுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களைக் கடலில் அடைத்து வைத்தது சட்டப்படி சரிதான் என்று 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் சொன்னது.

அதே வாரங்களில் இன்னொரு படகு. அதில் 41 பேர், 37 சிங்களவர், 4 தமிழர். கடலிலேயே வீடியோ வழியாகச் சில கேள்விகள் கேட்டுவிட்டு, ஜூலை 6 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். காலி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். குற்றம்: அனுமதியில்லாமல் நாட்டைவிட்டுப் போனது.

திரும்பும் இளைஞன் முதலில் பார்ப்பது சொந்தக்காரர்களின் முகத்தை அல்ல, விசாரணை அதிகாரியின் முகத்தை. சட்டவிரோதமாக வெளியேறியதற்கு ஒரு வழக்கு, பிணைக்கு ஆள், அபராதத்துக்குப் பணம். படகுக்காரனுக்கு வாங்கிய கடன் அதற்கு முன்பே வட்டியோடு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும். வன்னியிலிருந்து போன தமிழ் இளைஞன் என்றால் அடுத்த கேள்வி 'இயக்கத்தில் இருந்தாயா?' 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் குற்றச்சாட்டு இல்லாமலே 18 மாதம் வரை அடைத்து வைக்க இடம் கொடுத்தது. 2013இல் சுவிட்சர்லாந்து திருப்பி அனுப்பிய தமிழர் இருவர் இறங்கியவுடன் கைதாகி அடைக்கப்பட்டார்கள். அதன் பிறகு அந்த நாடு தமிழர்களை நாடுகடத்துவதைச் சில காலம் நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் ஒரு தனி விமானத்தில் ஏற்றப்படவிருந்த தமிழர்களின் வெளியேற்றத்தை நிறுத்தியது. திரும்பியவர்கள் சித்திரவதைக்கு ஆளானதற்கான மருத்துவச் சான்றுகளும் சாட்சியங்களும் அதற்குள் குவிந்திருந்தன. அனுப்பிய பிறகு தெரிந்த உண்மை, அனுப்பப்பட்டவனுக்கு என்ன பயன் தரும்?

6

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முகாம்களுக்கு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. புதிய வீடுகள் வந்தன. குடியுரிமை வரவில்லை, அது டெல்லியின் கையில். 2022 மார்ச்சில் இலங்கையில் பெட்ரோலும் பால் மாவும் தீர்ந்துபோனபோது தனுஷ்கோடி மணல் திட்டுகளில் மறுபடி குடும்பங்கள் வந்து இறங்கின. அவர்களில் முன்பே தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பிப் போனவர்களும் இருந்தார்கள்.

2025 மே மாதம் இரண்டு செய்திகள். நாடுகடத்தலை எதிர்த்த ஓர் இலங்கைத் தமிழரின் வழக்கில், உலகத்து அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வாய்மொழியாகச் சொன்னது. இன்னொன்று, ஐ.நா. ஆணையத்தின் ஏற்பாட்டில் தமிழ்நாட்டிலிருந்து விரும்பித் திரும்பிய ஒரு முதியவர் பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். எப்போதோ போருக்குத் தப்பி அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போனதுதான் குற்றம். அதே ஆண்டு செப்டம்பரில் இந்திய உள்துறை, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்றி இருப்பதற்கான தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. தண்டனை இல்லை என்பதுவரை வந்திருக்கிறோம். இருக்கலாம் என்று இன்னும் சொல்லவில்லை.

அறுபது வருஷத்தை அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒவ்வொரு முறையும் காகிதத்தில் 'விருப்பம்' என்று ஒரு கட்டம் இருந்தது, அல்லது இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அந்தக் கட்டத்தில் பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போட்டார். அவர் மடியிலிருந்த பிள்ளைக்கும் சேர்த்து. பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது அந்தக் கையெழுத்தின் விலையை அதுதான் கட்டியது. போக விரும்புகிறவர்களுக்குக் காகிதமும் படிப்புக்கு ஈடும் நிலத்துக்கு வழியும் செய்து அனுப்ப வேண்டும். இருக்க விரும்புகிறவர்களுக்கு, இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவர்களுக்கு, குடியுரிமை கேட்க ஒரு கதவு வேண்டும். இரண்டும் இருந்தால்தான் 'விருப்பம்' என்ற சொல்லுக்கு அர்த்தம். ஒரே கதவு உள்ள அறையில் எந்தப் பக்கம் போகிறாய் என்று கேட்பது விசாரணை ஆகாது.

கார்த்திகை வந்தால் விருத்தாசலத்து அகல் விளக்குகள் பெட்டி பெட்டியாக வெளியூர் போகும். நெய்வேலி மண்தான், ஆனால் யாரும் அதை நெய்வேலிக்கே திருப்பி அனுப்பி மண்ணோடு கலக்கச் சொல்வதில்லை. எந்த வீட்டு மாடத்தில் ஏற்றுகிறார்களோ, அந்த வீட்டு விளக்கு அது.